நூலகம், தபால், ஒதுக்கீட்டு ஆசனம்: சல்மா நாவலாசிரியரான வரலாறு

தமிழக எழுத்தாளர் சல்மா 2025 ஜூலையில் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். அந்தச் செய்தி வந்ததும் எம்மவர் மத்தியிலும் அவருடைய கதை மறுபடி பேசப்பட்டது. 13 வயதில் பாடசாலையை விட்டு நிறுத்தப்பட்ட பிள்ளை, வீட்டுக்குள் அடைபட்டிருந்து, களவாகக் கவிதை எழுதி, பாராளுமன்றம் வரை போனார் என்பது அந்தக் கதை. கேட்கிறவர் 'சுபஹானல்லாஹ்' என்று வியக்கிறார். இன்னொருவர் 'எங்கட சமூகத்தைக் காட்டிக் கொடுத்துத்தானே பேரெடுத்தா' என்று முகம் சுளிக்கிறார். இரண்டு பேரிடமும் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை வாசித்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் விடை இல்லை.

ஒருவருடைய வாழ்க்கையை அதிசயமாகச் சொல்லும்போது ஒரு நட்டம் உண்டு. அதிசயம் ஒரு முறைதான் நடக்கும். அதிலிருந்து நாம் செய்வதற்கு ஒன்றும் கிடைக்காது. சல்மாவின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால், அடைபட்ட வீட்டுக்கு வெளியே அவருக்கு உதவிய சாதாரணமான மூன்று ஏற்பாடுகள் கண்ணில் படுகின்றன. ஒன்று ஊர் நூலகம். இரண்டாவது தபாலில் போய்வந்த சிற்றிதழ். மூன்றாவது உள்ளூராட்சியில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆசனம். இந்த மூன்றும் எப்படி வேலை செய்தன என்பதைச் சொல்வதும், அவற்றின் பலனாக வந்த நாவல் எமக்கு எதைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதைச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

துவரங்குறிச்சியின் நூலகம்

சல்மாவின் இயற்பெயர் ரொக்கையா. 1968இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் துவரங்குறிச்சியில் பிறந்தார். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற பாதையில் உள்ள ஊர் அது. முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிற ஊர். பிள்ளைகள் 'வாப்பா' என்று நாம் கூப்பிடுவது போல 'அத்தா' என்று கூப்பிடும் ஊர்.

அந்தச் சிறிய ஊரில் ஒரு பொது நூலகம் இருந்தது. அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் பெருமுயற்சியால் 1948இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பின் வந்த முதலாவது நூலகச் சட்டம் அதுதான். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் அறவிடப்படும்; அந்தப் பணத்தில் ஊருக்கு ஊர் கிளை நூலகம் நடக்கும். ஒரு தனவந்தரின் தயவில் தங்கியிராத ஏற்பாடு. அதனால்தான் துவரங்குறிச்சியில் ஒரு முஸ்லிம் சிறுமி பாடசாலை விட்டதும் போய் உட்கார்ந்து வாசிக்க ஓர் இடம் கிடைத்தது.

பாடசாலை ஏன் நின்றது என்பதை அவரே பல செவ்விகளில் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது தோழியரோடு நூலகத்துக்குப் போனவர், அன்று பகல் காட்சிக்குத் திரையரங்குக்குப் போய்விட்டார். ஓடியது பிள்ளைகள் பார்க்கக் கூடாத படம். பார்வையாளரில் பெண்கள் என்று இவர்கள் மட்டுந்தான். செய்தி வீட்டுக்கு வந்தது. பாடசாலை அன்றோடு முடிந்தது. அதே படத்தைப் பார்த்த ஆண் பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் படம் ஒரு சாட்டுத்தான். பெண் பிள்ளை பெரிய பிள்ளையானதும் வீட்டில் இருத்துவது அந்த ஊரின் வழமை. சல்மாவுக்கு அது கொஞ்சம் முந்தி நடந்தது, அவ்வளவுதான்.

திருமணம் வரைக்கும் சுமார் ஒன்பது ஆண்டுகள் வீட்டோடு. அந்தக் காலத்தில் அவரை உயிரோடு வைத்திருந்தது வாசிப்பு. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த ருஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளை அந்தத் தலைமுறை வாசகர் எவரும் மறக்கமாட்டார்கள். டால்ஸ்டாயும் தஸ்தயெவ்ஸ்கியும் தமிழ்க் கிராமங்களுக்கு வந்தது அந்த வழியாகத்தான். சல்மாவும் அவர்களை வாசித்தார், பெரியாரையும் வாசித்தார். புத்தகம் கிடைக்காத நாளில் கடையிலிருந்து சாமான் சுற்றி வந்த காகிதத்தையும் விடவில்லை.

தபாலில் போன கவிதை

கலியாணத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் தாயின் சுகவீனத்தைக் காரணம் காட்டித்தான் கையொப்பம் வாங்கப்பட்டதென்று அவர் சொல்லியிருக்கிறார். கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்டே நிக்காஹ் செய்ய வேண்டும் என்ற நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். அறிந்ததற்கும் நடந்ததற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை இந்த ஒரு சம்பவமே காட்டும். ஆயினும் அங்கே ஒரு கையொப்பமாவது தேவைப்பட்டது. எமது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி நடக்கும் பதிவில் மணமகனும் வலியும் ஒப்பமிட்டால் போதும். மணமகளின் கையொப்பம் கட்டாயம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதைத் திருத்துவது பற்றிப் பல தசாப்தங்களாகக் கதைத்து வருகிறோம்.

மணமான பிறகு எழுத்துக்கு முந்தியதை விடக் கடுமையான தடை. பகலில் எழுத இடமில்லை. இரவில் எல்லோரும் உறங்கிய பின் குளியலறைக்குள் போய், நின்றபடி, கிடைத்த துண்டுக் காகிதத்தில் எழுதினார். துணிகளுக்கு இடையில் ஒளித்து வைத்தார். எழுதியவை அவருடைய தாயின் கை வழியாக வெளியே போய்த் தபாலில் சேர்ந்தன. பாடசாலையை நிறுத்திய அதே தாய்தான். இதை ஒரு முரண் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் எமது ஊர்களில் உம்மாமாரை அறிந்தவர்களுக்கு இது புதினமில்லை. ஊருக்குப் பயந்து பிள்ளையைக் கட்டி வைப்பதும் அவர்தான். பிள்ளை வாடுவதைப் பொறுக்காமல் பின்கதவால் ஏதாவது செய்து கொடுப்பதும் அவர்தான்.

தபாலின் மறுமுனையில் சிற்றிதழ்கள் இருந்தன. சில நூறு பிரதிகள் அச்சாகி, சந்தாக்காரருக்கு அஞ்சலில் போகும் இதழ்கள். அவற்றுக்கு எழுதுபவரின் முகமோ குடும்பமோ தேவைப்படவில்லை. கவிதை நன்றாக இருந்தால் போதும். ரொக்கையா 'சல்மா' ஆனது அங்கேதான். புனைபெயர் அவருக்கு ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் எந்தத் திரையும் இல்லாமல் எழுதினார்.

2000ஆம் ஆண்டு முதற் தொகுதி 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' வந்தது. 2003இல் 'பச்சை தேவதை'. முதல் தொகுதியிலுள்ள 'ஒப்பந்தம்' என்ற கவிதையைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. தாம்பத்தியத்தைப் பண்டமாற்றாகக் காட்டியதைச் சிலரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மாலதி மைத்ரி, சுகிர்தராணி, குட்டி ரேவதி ஆகியோரோடு சல்மாவையும் சேர்த்து, உடலை எழுதும் பெண்கள் என்று ஏச்சு விழுந்தது அந்த ஆண்டுகளில்தான். இந்த நால்வரின் கவிதைகளையும் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் பின்னர் ஆங்கிலத்தில் ஒரே நூலாகத் தந்தார்.

2001இன் தேர்தல்

இந்திய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகர உள்ளூராட்சி மன்றங்களின் உறுப்பினர் ஆசனங்களில் மூன்றிலொன்றைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும், தலைவர் பதவிகளிலும் பெண்களுக்கு ஒதுக்கீடு வேண்டும் என்றும் அது விதித்தது. தமிழ்நாட்டில் இந்த ஏற்பாட்டின் கீழ் முதலாவது தேர்தல் 1996இல் நடந்தது. அடுத்தது 2001இல். துவரங்குறிச்சி அடங்கிய பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது.

சல்மாவின் கணவர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் உள்ளூர் அரசியலில் இருந்தவர். தான் போட்டியிட முடியாத நிலை. வீட்டிலிருந்து ஒரு பெண்ணை நிறுத்தியாக வேண்டும். சல்மா நின்றார், வென்றார். அதுவரை முற்றத்துக்கு வரவும் கேள்வி கேட்ட குடும்பம் இப்போது அவருடைய முகத்தைச் சுவரொட்டியில் அச்சடித்துச் சந்தியில் ஒட்டியது. மேடையில் ஏறிப் பேச வைத்தது. கவிஞர் சல்மாவும் இவரும் ஒரே ஆள்தான் என்பதும் ஊருக்குத் தெரிய வந்தது.

இங்கே வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குடும்பம் மனம் திருந்தித் திறந்த கதவு அல்ல அது. பதவி வீட்டை விட்டுப் போகக் கூடாது என்ற கணக்கில் திறந்த கதவு. சட்டம் எழுதியவர்களும் ஒரு நாவலாசிரியரை மனத்தில் வைத்து எழுதவில்லை. ஆனாலும் கதவு திறந்தது. திறந்த பிறகு அதன் வழியாக யார், எதைக் கொண்டு போவார் என்பதைக் கதவைத் திறந்தவரால் தீர்மானிக்க முடியவில்லை. பதவியில் இருந்த காலத்திலேயே, 2004இல், 'இரண்டாம் ஜாமங்களின் கதை' காலச்சுவடு வெளியீடாக வந்தது.

2006இல் மருங்காபுரித் தொகுதியில் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பின்னர் தமிழ்நாடு சமூக நல வாரியத்தின் தலைவரானார். 2009இல் நாவல் ஆங்கிலத்தில் வந்தது, லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில். 2013இல் பிரித்தானிய இயக்குநர் கிம் லாஞ்சினொட்டோ அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் சன்டான்ஸ் விழாவில் காட்டப்பட்டது. உலகம் சல்மாவை அறிந்தது பெரும்பாலும் அந்தப் படத்தால். படம் நல்ல படம்தான். ஆனால் அதன் பிறகு சல்மாவின் வாழ்க்கை அவருடைய நாவலை மறைத்துவிட்டது.

இரண்டாம் ஜாமத்தில் கேட்ட பேச்சு

இரவின் நான்கு ஜாமங்களில் இரண்டாவது ஏறக்குறைய ஒன்பது மணியிலிருந்து நள்ளிரவு வரை. இஷா தொழுது, சாப்பாடு முடிந்து, சட்டி பானை கழுவிக் கவிழ்த்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பெண்கள் ஒருவருக்கு ஒருவர் மனம் விட்டுக் கதைக்கும் நேரம். நாவலின் தலைப்பே அதன் மூலாதாரம் எது என்று சொல்லிவிடுகிறது.

நாவல் ராபியா என்ற சிறுமியோடு தொடங்குகிறது. அவளும் கூட்டாளிப் பிள்ளைகளும் வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போகிறார்கள். பிறகு நாவல் அவளைச் சுற்றியுள்ள பெண்களிடம் போகிறது. ராபியாவின் தாய் சொஹ்ரா. பெரிய குடும்பத்தின் மற்ற மருமகள் ரஹீமா. ரஹீமாவின் மகள் வஹீதா, சிக்கந்தருக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டு, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையில் தவிக்கிறாள். இள வயதில் கணவனை இழந்த ஷரீபாவை மறுமணத்துக்கு எல்லோரும் நெருக்குகிறார்கள். சொஹ்ராவின் தங்கை பிர்தவ்ஸ் கணவனை ஏற்காமல் தலாக்கோடு தாய் வீடு திரும்பியவள். வேற்று மதத்தவன் ஒருவனோடு அவளுக்கு உறவு ஏற்படுகிறது. அது வெளிப்பட்டதும் பெற்ற தாயே அவளுக்கு நஞ்சைக் கொடுக்கிறாள். தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்யும் மாரியாயிக்கும் அந்தக் குடும்பத்து ஆண் கரீமுக்கும் உள்ள உறவை ஊரே அறியும். அதை ஒருவரும் ஒழுக்கக் கேடு என்று கூட்டம் போட்டு விசாரிப்பதில்லை.

பிர்தவ்ஸையும் கரீமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் நாவலின் கேள்வி விளங்கும். இருவர் செய்ததும் மார்க்கத்தின் கண்ணில் ஒரே பாவந்தான். குர்ஆன் ஆணுக்கு ஒரு தராசும் பெண்ணுக்கு ஒரு தராசும் வைக்கவில்லை. ஊர் வைத்திருக்கிறது. ஊர் வைத்த தராசை மார்க்கத்தின் தராசு என்று சொல்லி நிறுக்கும்போது ஒரு பெண் நஞ்சு குடித்துச் சாகிறாள். ஒரு ஆண் பள்ளியில் முன் வரிசையில் நிற்கிறான். சல்மா இதைப் பிரசங்கமாகச் சொல்லவில்லை. கரீமைக் கொடியவனாகவும் காட்டவில்லை. சொஹ்ராவின் மௌனத்தைக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.

இந்த நாவலை நான் வரலாற்று ஆவணமாகவும் கருதுகிறேன். தமிழ் முஸ்லிம்களைப் பற்றி நாம் எழுதி வைத்த வரலாறு மரக்கலங்களும் துறைமுகங்களும் புலவர்களும் கொடைவள்ளல்களும் நிறைந்தது. அடுப்படியில் என்ன பேசப்பட்டது, பெண் பார்க்க வந்தவர்கள் எதைக் கேட்டார்கள், முதல் இரவுக்கு முன் மூத்த பெண்கள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள், பிள்ளை இல்லாதவள் பெருநாளன்று எங்கே போய் உட்கார்ந்தாள் என்பதற்கெல்லாம் கல்வெட்டும் இல்லை, பள்ளிவாசல் பதிவேடும் இல்லை. அந்தப் பேச்சையும் அதன் பகடியையும் கொச்சையையும் ஐநூறு பக்கங்களுக்குக் கிட்டச் சேர்த்து வைத்த நூல் இது. நாவலின் பெண்கள் அழுதுகொண்டே இருப்பவர்களும் அல்லர். ஆண்களைப் பற்றி அவர்கள் அடிக்கும் பகிடியை ஆண்கள் கேட்டால் வெட்கப்படுவார்கள்.

இரண்டாவது நாவல் 'மனாமியங்கள்' 2016இல் வந்தது. மீனா கந்தசாமி அதை ஆங்கிலமாக்கினார். இதில் ஊர் மாறியிருக்கிறது. பழைய ஊர் வழமையின் இடத்தில் புதிய மார்க்கக் கண்டிப்பு வந்திருக்கிறது. மெஹரின் கணவன் ஹஸன் அந்தக் கண்டிப்பின் ஆள். அவன் இரண்டாம் திருமணம் செய்ததும் மெஹர் பிரிந்து வருகிறாள். அவளுடைய மகள் ஸாஜிதா டாக்டராக வேண்டும் என்று கனவு காண்கிறாள். முந்திய நாவலில் பெண்ணை வீட்டில் இருத்தியது 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயம். பிந்திய நாவலில் 'மார்க்கம் என்ன சொல்கிறது' என்ற வாதம். எமது ஊர்களில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நடந்த மாற்றத்தைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரு பக்கத்தின் குற்றச்சாட்டு

சல்மாவுக்கு எதிராக எம்மவர் சொல்லும் முக்கியமான குற்றச்சாட்டு, வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டினார் என்பது. பிற சமூகத்தவர் எம்மை ஏளனம் செய்ய இது வழி விடும் என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 2019இன் பின்னர் இந்த நாட்டில் முஸ்லிம் பெண்ணின் உடையும் பெயரும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. சல்மாவின் கதையை இஸ்லாத்துக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ள ஆவலாய் இருக்கும் வாசகர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் நாவலை வாசித்தால் அவர்களுக்கும் ஏமாற்றமே. அங்கே தொழுகையும் நோன்பும் பெருநாளும் பெண்களின் ஆறுதலாகவும் வருகின்றன. மார்க்கத்தை விட்டு ஓடச் சொல்லும் நூல் அல்ல அது. குப்பை வெளியே தெரிந்ததால் வந்த வெட்கம் பெரிதா, குப்பை உள்ளே கிடந்ததால் வந்த நோய் பெரிதா என்ற கேள்விக்கு நாம்தான் விடை சொல்ல வேண்டும்.

எமக்கு என்ன பாடம்

தமிழில் முஸ்லிம் பெண் நாவல் எழுதுவது சல்மாவோடு தொடங்கவில்லை. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அப்போது அவருக்கு 21 வயது. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். உ.வே. சாமிநாதையரே முன்னுரை எழுதினார். அந்த நாவலுக்கும் சல்மாவின் நாவலுக்கும் இடையில் 66 ஆண்டுகள். மூன்றாம் வகுப்போடு நின்றவரும் எழுதினார், ஒன்பதாம் வகுப்போடு நின்றவரும் எழுதினார் என்று பெருமைப்படலாம். இடையில் எழுதாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதுதான் நேர்மை.

இலங்கையில் எமக்கு இது இன்னும் பொருந்தும். ஈழத்தின் முதல் தமிழ் நாவலான 'அஸன்பேயுடைய சரித்திர'த்தை 1885இல் தந்தவர் கண்டியின் சித்திலெவ்வை. அவரே முஸ்லிம் பெண் பிள்ளைகளின் கல்விக்காகவும் வாதாடியவர். நாவலும் பெண் கல்வியும் எமது சமூகத்தில் ஒரே மனிதரிடமிருந்து புறப்பட்டன. இன்று எமது பெண்கள் வாசிக்கிறார்கள், எழுதுகிறார்கள். சாய்ந்தமருதின் அனார், மெல்சிரிபுரவின் பஹீமா ஜஹான் ஆகியோரின் கவிதைகள் கடல் கடந்து மதிக்கப்படுகின்றன. ஏறாவூரின் ஷர்மிளா ஸெய்யித் 'உம்மத்' என்ற நாவலைத் தந்தார்; கடும் எதிர்ப்பையும் சந்தித்தார். எமது பாடசாலைகளின் உயர்தரக் கலைப் பிரிவில் பெண் பிள்ளைகளே அதிகம். பல்கலைக்கழகத்துக்கும் போகிறார்கள்.

கதவு பூட்டியிருந்த காலம் போய்விட்டது என்று சொல்லலாமா? கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம். பள்ளிவாசலில் 'கொமர்க் காரியம்' என்று சல்லி சேர்க்கும்போது ஒரு பிள்ளையின் கலியாணச் செலவுக்கு மனமுவந்து கொடுக்கிறோம். அதே பிள்ளையின் படிப்புக்கு, ஒரு புத்தகத்துக்கு, அப்படிச் சேர்த்த ஊர்கள் குறைவு. எமது நூலகங்கள் பிரதேச சபைகளின் கீழ் இருக்கின்றன. பின்னேரம் அங்கே போனால் பத்திரிகை பார்க்கும் ஆண்கள் இருப்பார்கள். பெண் பிள்ளைகள் டியூட்டரிக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு மேசை, ஒரு நேரம், அவர்களுடைய உம்மாமார் நம்பி அனுப்பக்கூடிய ஒரு நூலகர் என்று ஏற்பாடு செய்ய எந்தச் சட்டமும் தேவையில்லை.

ஒதுக்கீடும் எமக்கு வந்துவிட்டது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில்தான் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறையானது. அதற்கு முன் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 வீதமும் இல்லை. பல ஊர்களில் முஸ்லிம் பெண்களைப் பட்டியலை நிரப்பவே போட்டார்கள் என்று குறை சொல்கிறோம். சரிதான். பொன்னம்பட்டியிலும் 2001இல் அப்படித்தான் போட்டார்கள். பட்டியலை நிரப்ப வந்த பெண், சபைக்குள் வந்த பிறகு ஊர் நூலகத்தின் நேரத்தையும் மேசையையும் பற்றி ஒரு பிரேரணை கொண்டு வரலாம். அதைக் கொண்டு வரும்படி அவரிடம் போய்க் கேட்பது வாசகர்களாகிய எமது வேலை.

சிற்றிதழுக்கும் ஒரு கடமை உண்டு. பெயரை வெளியிட விரும்பாத பிள்ளையின் எழுத்து ஒன்று தபாலில் வந்தால், 'யாருடைய மகள்' என்று விசாரிக்காமல் கவிதையை மட்டும் வாசிக்கிற ஆசிரியர்கள் அன்று தமிழகத்தில் இருந்தார்கள். அப்படி இல்லாதிருந்தால் துணிகளுக்கு இடையில் ஒளித்த காகிதங்கள் அங்கேயே மக்கிப் போயிருக்கும்.

சல்மாவோடு அதே தெருவில், அதே வயதில் பாடசாலையை விட்டு நிறுத்தப்பட்ட வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். அவர்கள் பேசியதில் ஒரு பகுதி இந்த நாவலில் சொஹ்ராவின் வாயிலும் ஷரீபாவின் வாயிலும் இருக்கிறது. மற்றது கேட்பாரில்லாமல் போயிற்று. எமது ஊர்களில் இன்று இரண்டாம் ஜாமத்தில் பேசப்படுவதை யார் எழுதப் போகிறார்கள் என்று தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளை இப்போது ஏதோ ஒரு பாடசாலையில் எட்டாம் ஆண்டிலோ ஒன்பதாம் ஆண்டிலோ படித்துக்கொண்டிருக்கலாம். அவள் படிப்பை நிறுத்தாமலிருப்பது முதல் வேலை. நூலகத்துக்குப் போக விடுவது அடுத்தது.